லிங்க் நக்கோ

அவருடைய பெயரைச் சொன்னால் எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. நக்கோ மேடம் என்றால் வாசல் காவலாளி வரை தெரியும். நக்கோ என்றால் ஹைதராபாத் பேச்சில் 'வேண்டாம்'. அந்தச் சொல்லை அவர் அளவுக்குச் செலவழித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்றால் நக்கோ, ஃபிளாஸ்க்கில் அவரே கொண்டுவந்திருப்பார். மழை பெய்கிறது, ஸ்கூட்டரில் இறக்கிவிடட்டுமா என்றால் நக்கோ, பைக்குள் குடை இருக்கும். அந்தக் குடை உடைந்தால் உதவ அதே பைக்குள் ஒரு ரெயின்கோட்டும் இருக்கும்.

குஷாய்குடாவில் ஒரு பெரிய பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் வேலை எங்களுக்கு. கண்ட்ரோல் பேனல் செய்யும் பிரிவில், திட்டமிடல் அறையில், அவரும் நானும் பல வருடங்கள் பக்கத்து மேஜைக்காரர்கள். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பதவி. நான் திருச்சியிலிருந்து வேலைக்காக வந்தவன். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆர்க்காட்டுப் பக்கமிருந்து கண்டோன்மெண்டுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் அந்தத் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு. வந்த புதிதில் அவர் என்னைத் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவே சில வாரங்கள் ஆயின. பெரும்பாலும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

நான் அந்த அறைக்கு வந்தபோது அங்கே கம்ப்யூட்டர்கள் வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. முன்பு வரைபடத்தாளில் கலர் பென்சிலால் போட்ட கோடுகளை எல்லாம் எக்ஸெல்லில் போட்டு, அதை பவர்பாயிண்ட் ஸ்லைடில் ஒட்டி, சுவரில் வெளிச்சம் பாய்ச்சிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நான் முதன்முதலாகச் செய்த ஸ்லைடைப் பெருமையாக அவரிடம் காட்டினேன். நிறம் நன்றாக இருக்கிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. நேராக எடிட் மெனுவைத் திறந்தார். அதில் லிங்க்ஸ் என்ற வரி மங்காமல் உயிரோடு இருந்தது. அதைச் சொடுக்கினார். ஒரு நீளமான முகவரி வந்தது. கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இந்த சார்ட் எங்கேர்ந்து வருது ஸார்?"

"என் கம்ப்யூட்டர்ல இருக்கற எக்ஸெல் ஃபைல்லேர்ந்து. அங்க நம்பரை மாத்தினா இங்கயும் தானா மாறும் மேடம்."

"மீட்டிங்குக்கு நீங்க போறப்போ உங்க கம்ப்யூட்டரும் கூட நடந்து வருமா?"

"வராது."

"அப்போ கைக்கு லிங்க்? லிங்க் நக்கோ."

சார்ட்டை அழித்துவிட்டு மறுபடி ஒட்ட வைத்தார். இந்த முறை லிங்க் இல்லாமல். அத்தோடு விடவில்லை. என் எக்ஸெல் ஃபைலைத் தூக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். "ஒரிஜினல் செத்துப்போச்சுன்னு வெச்சிக்கோங்க. இது தனியா நிக்குதா பாக்கலாம்" என்று ஸ்லைடை ஃப்ளாப்பியில் ஏற்றி, தன் கம்ப்யூட்டரில் போட்டு, சார்ட்டின் மேல் இரண்டு முறை தட்டினார். திறந்தது. எண்கள் எல்லாம் உள்ளேயே இருந்தன. "ஹவ். இப்போ இது போவலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் என் ஃபைலைக் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டுக் கொடுத்தார்.

இது கிறுக்கு என்று நான் நினைத்தேன். அறையில் இருந்த மற்றவர்கள்தான் அந்தக் கிறுக்கின் காரணத்தைச் சொன்னார்கள். நான் அந்த அறைக்கு மாற்றலாகி வருவதற்கு முன் நடந்த கதை அது.

எங்கள் டி.ஜி.எம்., அதாவது துணைப் பொது மேலாளர், தெலுங்குக்காரர், தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் "சரே" என்பார். சரே என்றால் சரி. லீவு கேட்டால் சரே, லீவு கிடையாது என்று மேலே சொன்னால் அதற்கும் சரே. பேனல் பிரிவுக்குத் தலைவர் என்பதோடு கேண்டீன் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய், சார்ட்டை லிங்க் போட்டு ஒட்டுவது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்து, தானே உட்கார்ந்து ஒரு ஸ்லைடு செய்தார். எக்ஸெல் ஃபைலுக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் தானாக வைத்த 'புக் ஒன்' என்ற பெயரிலேயே விட்டுவிட்டார்.

ஸ்லைடை மட்டும் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டு செகந்திராபாத்துக்குப் போனார். எங்கள் பேனல்களை வாங்குகிற ஓர் அரசு அலுவலகம் அங்கே இருந்தது. நக்கோ மேடமும் ஃபைல் கட்டுகளோடு போயிருந்தார். சுவரில் வெளிச்சம் விழுந்தது. லேப்டாப் ஒரு கேள்வி கேட்டது: லிங்க்குகளைப் புதுப்பிக்கட்டுமா? கேட்டது கம்ப்யூட்டராக இருந்தாலும் டி.ஜி.எம்.மால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சரே என்று அமுக்கினார்.

லேப்டாப்பிலும் அதே இடத்தில் ஒரு 'புக் ஒன்' இருந்தது. அது கேண்டீன் கணக்கு.

'மாதவாரியாக பேனல் உற்பத்தி' என்ற தலைப்பின் கீழே இட்லி, வடை, பூரி என்று மூன்று நிறங்களில் கம்பங்கள் எழுந்து நின்றன. அந்த அலுவலகத்தின் நிதி அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "ஆகஸ்டில் வடை ஏன் குறைந்திருக்கிறது?" என்று கேட்டார். டி.ஜி.எம். பொய் சொல்லத் தெரியாதவர். "எண்ணெய் டெண்டர் தாமதமாகிவிட்டது சார்" என்று பதில் சொன்னார்.

அந்த வருடம் ஆர்டர் பாதியாகத்தான் வந்தது. வடையால்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் நக்கோ மேடம் திரும்பி வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னாராம்: "இனிமே இந்த ரூம்லேர்ந்து போற எந்த சார்ட்டும் வெளிய எதையும் நம்பிப் போவக் கூடாது. தன்கிட்ட இருக்கறத வெச்சிக்கினு அது நிக்கணும்."

சார்ட்டுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்றால் பரவாயில்லை. அவரே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் மேஜையில் ஸ்டேப்ளர், பசை, ஸ்க்ரூ டிரைவர், எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாம் சொந்தம். கேண்டீன் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் பக்கத்து மேஜையில் கை நீட்ட மாட்டார், பையிலிருந்து டப்பா வரும். பேச்சிலும் அப்படியே. "நேத்து சொன்னேனே, அது" என்று நாம் ஆரம்பித்தால் போச்சு. "நேத்திக்கு நேத்து போச்சு ஸார். இன்னிக்கு முழுசா சொல்லுங்க" என்பார். நாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு போன் செய்தால், வெண்டைக்காய் வாங்கி வாருங்கள் என்று நிறுத்த மாட்டார். எந்தக் கடை, அது மூடியிருந்தால் எந்தக் கடை, முனையை ஒடித்துப் பார்ப்பது எப்படி, வெண்டைக்காய் கிடைக்காவிட்டால் என்ன, அதுவும் கிடைக்காவிட்டால் என்ன என்று முழுவதையும் சொல்லி முடித்துத்தான் வைப்பார்.

வீட்டுக்காரருக்கு ரயில்வேயில், மௌலா அலியில் என்ஜின்களைப் பழுதுபார்க்கும் லோகோ ஷெட்டில் வேலை. மனிதர் இவருக்கு நேர் எதிர். அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு நானும் என் மனைவியும் ஒரு தீபாவளிக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் எங்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து பேப்பர், எதிர் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி, மாடி வீட்டிலிருந்து தீப்பெட்டி என்று மூன்று பொருள் வாங்கிவிட்டார். எல்லா வீட்டிலும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். மேடம் உள்ளேயிருந்து, "நம்ம வீட்லயே தீப்பெட்டி ஒரு பண்டல் இருக்குது" என்றார்.

"இருக்கட்டும்மா. மாடி வீட்டுக்காரனைப் பாத்து ரெண்டு நாளாச்சு" என்றார் அவர்.

அந்த வீட்டில் சிரிப்புக்கு இடமில்லாத ஒரு விஷயமும் நடந்தது. ஒரு நாள் மேடம் வேலைக்கு வரவில்லை. அவர் வராத நாளே இருந்ததில்லை என்பதால் மாலையில் போன் செய்தேன். வீட்டுக்காரர் எடுத்தார். குரல் கரகரவென்றிருந்தது. காலையில் வயிற்றில் வலி வந்திருக்கிறது, மேடம் அது குடல்வால் என்று தானே முடிவு செய்து, சாதம் வடித்து, குழம்பு வைத்து, ஒரு பையில் தலையணை, டம்ளர், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, தனியாகப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பிடிவாதம் பிடித்த பிறகுதான் ஷெட்டுக்கு போன் போயிருக்கிறது.

மறுநாள் நான் பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்ல?"

"வந்து என்னா பண்ணியிருப்பீங்க?"

அவர் இன்னும் பெரிதாக அழுதார்.

"அதத்தான் பண்ணியிருப்பீங்க" என்றார் மேடம். சொல்லிவிட்டு, தையல் போட்ட வயிற்றோடு கையை நீட்டி அவர் கண்ணைத் துடைத்தார். பையிலிருந்து எடுத்த சொந்தக் கைக்குட்டையால்தான். எனக்கு அன்று அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கூடப்பிறந்த தம்பி இருந்து, அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிடாமல் விட்டால் வருமே, அந்த மாதிரிக் கோபம்.

இந்த மனுஷிதான் ஒருநாள் ஒரு கூட்டத்தையே செகந்திராபாத் அலுவலகத்தின் சுவரில் ஏற்றினார்.

அந்த வருடம் எங்கள் பிரிவின் நிலைமை மோசம். செகந்திராபாத் ஆர்டர் முழுதாக வராவிட்டால் பேனல் பிரிவை வேறொன்றோடு சேர்த்துவிட்டு, பாதிப் பேரை வேறு மாநிலத்தில் இருக்கும் கிளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. என் மகனுக்கு அப்போதுதான் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மேடத்தின் வீட்டுக்காரரை மௌலா அலியிலிருந்து பெயர்க்க முடியாது. ஆகவே ஸ்லைடுகளை டி.ஜி.எம். கையில் கொடுக்காமல் மேடமே செய்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸெல் புத்தகத்தில்தான் வைத்திருப்பார். எத்தனையோ வருட உற்பத்தி, உதிரி பாகம், சோதனை முடிவு எல்லாம் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு தாள்கள். அங்கிருந்து ஒரு சார்ட்டை லிங்க் இல்லாமல் ஸ்லைடில் ஒட்டும்போது கம்ப்யூட்டர் ஒரு காரியம் செய்கிறது. சார்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதில்லை, அதன் பின்னால் இருக்கும் முழுப் புத்தகத்தையும் சேர்த்து ஸ்லைடுக்குள் திணித்துவிடுகிறது. ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒரு முழுப் புத்தகம். கண்ணுக்குத் தெரிவது சார்ட்தான். உள்ளே மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு அது அப்போது தெரியாது. ஃபைல் ஏன் இப்படி ஊதிப்போகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஃப்ளாப்பி இடமில்லை என்றது. சி.டி. எழுதும் கருவி கம்ப்யூட்டர் சென்டரில் பூட்டிய அறைக்குள் இருந்தது, சாவிக்காரர் திருப்பதி போயிருந்தார். லேப்டாப்பை வடைக்குப் பிறகு மேடம் தொடுவதே இல்லை.

"மேடம், இந்த ஒரு தடவை லிங்க் போட்டுரலாமா? ஃபைல் சின்னதாயிரும்" என்றேன்.

"ஹவ் ஸார். போட்டுட்டு, இந்தத் தடவை பூரி காட்டலாமா?"

மீட்டிங் நாள் காலையில் அவர் கம்ப்யூட்டரின் வயர்களை எல்லாம் உருவினார். சி.பி.யு. பெட்டியை ஒரு போர்வையில் சுற்றினார். ஜீப், மாதிரிக்கு ஒரு பேனலை ஏற்றிக்கொண்டு, டி.ஜி.எம்.முடன் முன்பே போய்விட்டது. ஆட்டோ பிடித்தோம். பிள்ளையைப்போல் சி.பி.யு. அவர் மடியில். மானிட்டர் என் மடியில், அதன்மேல் கீபோர்டும் மவுஸும். எக்ஸ்டென்ஷன் போர்டு எங்கள் காலடியில்.

போர்வைக்குள் என்ன என்று புரியாமல் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "க்யா ஹை அம்மா இஸ்மே? டிவியா?" என்றார்.

"ஆஃபீஸ்" என்றார் மேடம்.

ஆட்டோக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் மேடம், "ஆஹிஸ்தா பாய், ஆஹிஸ்தா!" என்று, மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தி, பெட்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டார். குஷாய்குடாவிலிருந்து செகந்திராபாத் வரை வேகத்தடைக்குக் குறைவில்லை. இறங்கும்போது ஆட்டோக்காரரே, "மெதுவா இறக்குங்க, உள்ளே தூங்குது" என்று தக்கனி உருதுவில் சொல்லிச் சிரித்தார்.

கூட்ட அறையில் மூன்று அதிகாரிகள். நிதி அதிகாரி, அதாவது வடையைப் பற்றிக் கேட்டவர். தொழில்நுட்ப அதிகாரி, ஒல்லியான மனிதர். ஸ்டோர்ஸ் அதிகாரி, எப்போதும் மற்ற இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பவர். இந்தப் பக்கம் டி.ஜி.எம்., மேடம், நான். ஸ்லைடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. எந்தக் கேள்வியும் கேட்காமல் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. பேனல் என்று தலைப்பிருந்த இடத்தில் பேனலே வந்தது. டி.ஜி.எம். மேடத்தைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

அப்போது தொழில்நுட்ப அதிகாரி, "அந்த மார்ச் எண் கொஞ்சம் குறைந்தால் சார்ட் எப்படி இருக்கும்? மாற்றிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

மேடத்துக்கு இதைவிடப் பெருமையான கேள்வி உலகத்தில் கிடையாது. ஷோவை நிறுத்திவிட்டு சார்ட்டின் மேல் இரண்டு முறை தட்டினார். புத்தகம் திறந்தது. "எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு சார். வெளியே எங்கேயும் போக வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தொழில்நுட்ப அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. எழுந்து வந்து மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார். கீழே வரிசையாகத் தாள்களின் பெயர்கள் தெரிந்தன. கடைசித் தாளின் பெயர் 'எப்படி'. ஆங்கிலத்தில் ஹவ் டு. பேனலை எப்படி இயக்குவது என்பதற்கான குறிப்பு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதைச் சொடுக்கினார்.

சுவரில் ஆங்கிலத்தில் இரண்டு பத்திகள் வந்தன. இடப்பக்கம் ஆட்கள். வலப்பக்கம் அவர்களை எப்படிக் கையாள்வது.

முதல் வரி நிதி அதிகாரி. 'எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பார். அது மறுப்பு அல்ல, பழக்கம். டீ வரும்வரை காத்திருக்கவும்.'

இரண்டாவது, மவுஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர். 'படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர்.'

மூன்றாவது ஸ்டோர்ஸ் அதிகாரி. 'இவரிடம் முதலில் கேட்க வேண்டாம். மற்ற இருவரும் சரி என்றபின் தானாகச் சரி என்பார்.'

நான்காவது எங்கள் டி.ஜி.எம். 'எல்லாவற்றுக்கும் சரே என்பார். பேச விட வேண்டாம்.'

அதற்குக் கீழே வாசல் காவலாளி, கேண்டீன் மேனேஜர், கம்ப்யூட்டர் சென்டர் சாவிக்காரர் எல்லாரும் இருந்தார்கள். 'வீட்டுக்காரர்' என்றுகூட ஒரு வரி இருந்தது: 'ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லவும். இரண்டாவதைச் சொன்னால் முதலாவது போய்விடும்.'

நான் அந்த நிலைமையிலும் சுவரில் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். மேடம் கை நீட்டி மானிட்டரை அணைத்தார். சுவரில் இருந்தது அணையவில்லை. புரொஜெக்டருக்கு வேறு சுவிட்ச். அது அவர் கொண்டுவந்த பொருள் இல்லை, எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

பையன் நிதி அதிகாரியின் முன்னால் கோப்பையை வைத்தான். எல்லார் கண்ணும் அந்தக் கோப்பையில். நிதி அதிகாரி அதைத் தொடவில்லை. ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "விலை விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை" என்றார். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் எங்கள் எந்த விலைக்கும் மூன்று மாதத்துக்குக் குறைந்து சம்மதித்தவர் இல்லை.

ஸ்டோர்ஸ் அதிகாரி பாய்ந்தார். "நான் இவருக்கு முன்னாடியே சொல்லலாம்னு இருந்தேன். எனக்கும் சம்மதம். என்னைப் பொறுத்தவரை தனியாகவே சம்மதம்."

தொழில்நுட்ப அதிகாரி மவுஸைக் கீழே வைத்தார். தன் நாற்காலிக்குப் போனார். ஒப்பந்தக் கட்டை இழுத்தார். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். டீ ஆறி ஏடு கட்டியது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. கடைசிக்குச் சற்று முன் ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"உதிரி மாட்யூல்கள். இதற்குத் தனி விலை போட்டிருக்கிறீர்கள். இலவசமாகக் கொடுக்க வேண்டும்" என்றார். சொல்லிவிட்டு மேடத்தைப் பார்க்கவில்லை. நேராக டி.ஜி.எம்.மைப் பார்த்தார். எந்த ஆளிடம் கேட்க வேண்டும் என்று சுவரிலேயே எழுதியிருந்ததே.

அந்த மாட்யூல்களை இலவசமாகக் கொடுத்தால் ஆர்டரில் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. மேடம் மேஜைக்கு அடியில் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பொருளையும் அதிலிருந்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

டி.ஜி.எம். சுவரைப் பார்த்தார். தன்னைப் பற்றிய வரியை மறுபடி ஒருமுறை படித்தார் என்று நினைக்கிறேன். வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு தெலுங்குச் சொல் வந்தது.

"குதரது."

நடக்காது என்று அர்த்தம்.

"சரி, பாதி?" என்றார் தொழில்நுட்ப அதிகாரி.

"குதரது" என்றார் டி.ஜி.எம். இரண்டாம் முறை சொல்லும்போது குரல் நன்றாகவே வந்தது. மூன்றாவதாக யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

கேட்கவில்லை. தொழில்நுட்ப அதிகாரி கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார்.

திரும்பும்போது சி.பி.யு.வை ஜீப்பில் ஏற்றச் சொன்னார் டி.ஜி.எம். மேடம் நக்கோ என்று சொல்லவில்லை. பின் சீட்டில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஜீப் தார்நாகாவைத் தாண்டியது. பிறகு டி.ஜி.எம். முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"மேடம், என்னைப் பற்றி எழுதியிருந்தீர்களே. அதை அழித்துவிடுவீர்களா?"

"இல்ல சார்" என்றார் மேடம். "தப்பா இருக்குது. திருத்தணும்."

டி.ஜி.எம். "சரே" என்று சொல்ல வாயெடுத்து, நடுவில் நிறுத்திக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் மேடம் ஸ்லைடுகளை முழுவதும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே தவறு என்று கண்டுபிடிக்க மதியம் வரை ஆயிற்று. அதற்குப் பிறகு சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. சார்ட்டுக்குத் தேவையான எண்களை மட்டும் எடுத்து ஒரு புதுப் புத்தகத்தில் போட வேண்டும். சூத்திரம் கூடாது, வெறும் மதிப்பு. அந்தப் புத்தகத்தில் ஒரே தாள். அங்கே சார்ட் போட்டு, அதை லிங்க் இல்லாமல் ஸ்லைடில் ஒட்ட வேண்டும். மாற்றவே தேவையில்லாத சார்ட் என்றால் படமாகவே ஒட்டிவிடலாம். ஃபைல் ஃப்ளாப்பிக்குள் அடங்கியது. "வெளிய தொங்கவும் கூடாது, உள்ள மூட்டையும் கூடாது" என்று எங்களுக்கு அறிவித்தார். தவறு யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் வரியைப் பற்றி லோகோ ஷெட் முழுவதும் சொல்லி, அங்கே எல்லாரும் அவரிடம் ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

'எப்படி' தாள் ஒரு தனி ஃப்ளாப்பிக்குப் போய் அவர் மேஜை இழுப்பறையில் பூட்டப்பட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை. சில நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் காலையில், அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"மேடம், அதுல எல்லாரும் இருந்தாங்க. கேட் காவலாளிகூட இருந்தான். நான் மட்டும் ஏன் இல்லை?"

அவர் ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றினார். "தெரியாததத்தான் ஸார் எழுதி வெச்சிக்கணும். பக்கத்து டேபிள் ஆளுக்கு கைக்கு?"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம். "உங்க வீட்டுக்காரர் இருந்தாரே?"

"அவர இன்னும் முழுசா புரியல. ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வரிய மாத்தறேன்" என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க மாறவே மாட்டீங்க ஸார்" என்றார்.

அது திட்டா பாராட்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் பஸ் வரும்வரை நாற்காலியில் நிமிர்ந்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்போல உட்கார்ந்திருந்தேன்.